பந்திக்குப் பாடியவர்கள்

மார்கழி மாதத்தில் கல்யாண மண்டபம் எடுத்தவள் என்றுதான் கவரைப்பேட்டையில் எங்கள் தெருவில் இன்னும் என்னை அடையாளம் சொல்கிறார்கள். மார்கழியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், காது குத்த மாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். மண்டபத்து வாட்ச்மேன்கூட சொந்த ஊருக்குப் போய்விடுவார். அந்த மாதத்தில் நான் மண்டபம் எடுத்தது ஓர் ஆர்கெஸ்ட்ராவை வழியனுப்பி வைக்க. அதில் இருந்தவர்கள் யாரும் எனக்கு உறவு கிடையாது. நான் ரசிகை, அவ்வளவுதான். சினிமா நடிகருக்கு மன்றம் வைத்துப் பாலாபிஷேகம் செய்தால் ஊர் ஒத்துக்கொள்கிறது. கல்யாண வீட்டில் ஓரமாக நின்று பாடுகிறவர்களுக்கு ரசிகை என்று சொன்னால் மட்டும், "உனக்கு இன்னா, கிறுக்கா?" என்று கேட்கிறது.

அவர்கள் ஐந்து பேர். எல்லாரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்தவர்கள். கீபோர்டு வாசித்தவர்தான் குழுவுக்குத் தலைவர், மாஸ்டர் என்று கூப்பிடுவோம். இரும்பு ஆலை ஒன்றில் ஃபிட்டர். பாடிய அக்கா மருந்து கம்பெனியில் பேக்கிங். ஆண் பாடகர், டிரம்ஸ் சத்தம் வரும் எலெக்ட்ரானிக் பேடு தட்டுகிறவர், டோலக் வாசிக்கிறவர் எல்லாருக்கும் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட். ஐந்து பேரும் ஒன்றாக மேடையில் நிற்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆண் பாடகருக்கு செகண்ட் ஷிப்ட் வந்துவிட்டால், டூயட்டில் இரண்டு குரலையும் அக்காவே பாடுவார். காதலன் வரிக்குத் தாடையை நெஞ்சோடு இடித்துக்கொண்டு கனத்த குரல், காதலி வரிக்கு முகத்தை மேலே தூக்கி மெல்லிய குரல். காதலனும் காதலியும் சேர்ந்து பாடவேண்டிய இடம் வந்தால் மட்டும் சிரித்தபடி சும்மா நிற்பார். மாஸ்டர் அந்த இடத்தைக் கீபோர்டில் சமாளித்துவிடுவார்.

பேடுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருவார். உட்கார்ந்தபடியே தூங்குவார், தூங்கியபடியே தட்டுவார். தாளம் ஒருநாளும் தப்பியதில்லை. பாட்டு முடிந்த பிறகும் தட்டிக்கொண்டிருப்பார் என்பதுதான் ஒரே குறை. டோலக்காரர் முழங்காலால் ஓர் இடி இடித்தால் நிறுத்துவார்.

குறை சொல்வது எனக்குத் தொழில். கார்களுக்கு வயர் கட்டித்தரும் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வயர் கட்டுகளைப் புரட்டிப் பார்த்து, தேறாததுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. அந்தப் புத்தி கம்பெனி கேட்டைத் தாண்டி என்னோடு வீட்டுக்கும் வந்துவிடும். என் மாமியார் வைக்கும் ரசத்தில் தொடங்கி, வீட்டுக்காரர் துணி காயப்போடும் அழகு வரைக்கும் நான் ஸ்டிக்கர் ஒட்டாத பொருள் எங்கள் வீட்டில் இல்லை. என்னிடம் தேறியது இந்த ஆர்கெஸ்ட்ரா ஒன்றுதான்.

தேறிய இடம் என் சொந்தக் கல்யாண ரிசப்ஷன். கல்யாண மண்டபத்தில் பசி எடுத்தாலும் எழுந்து சாப்பிடப் போக முடியாத ஒரே பிறவி மணப்பெண். கழுத்து வலிக்கிற மாலையோடு, யார் யாரோ கொடுக்கிற கிஃப்ட் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு மணிக்கணக்காக நின்றேன். வேறு வழியில்லாமல் பாட்டைக் கேட்டேன். அன்றைக்கு ஆண் பாடகர் இல்லை. ஒரு பெண் இரண்டு ஆளாக மாறி மாறிப் பாடுவதைப் பார்த்ததும் எனக்கு மாலை கனம் மறந்துவிட்டது. என் கல்யாண வீடியோவைப் போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை வலது பக்கம் நிற்கிறார், நான் முழுக்க முழுக்க இடது பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இவ யாரை லவ் பண்ணிக்கினு இருக்கறான்னு அன்னிக்கே எனக்கு டவுட்டு" என்று வீட்டுக்காரர் இன்றும் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

அப்புறம் நான் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். பட்டுப்புடவை கட்டி, தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஒரு பெண் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், நீ யார் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு தரப்பும் சந்தனம் கொடுக்கும். இப்படி ஆரம்பாக்கத்திலிருந்து பெரியபாளையம் வரைக்கும், ஆர்கெஸ்ட்ரா பாடுகிற இடமெல்லாம் முகூர்த்த நாளில் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சாப்பாட்டில் மட்டும் கை வைக்க மாட்டேன். அதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களின் கல்யாண வீடியோவில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அத்தை யார் என்று இன்றைக்கும் யாராவது குழம்பிக்கொண்டிருப்பார்கள்.

அத்தனை கல்யாணம் பார்த்ததில்தான் மாஸ்டரின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. வாசிக்கும்போது அவர் கீபோர்டைப் பார்க்க மாட்டார், பாடுகிறவரைப் பார்க்க மாட்டார், மணமக்களையும் பார்க்க மாட்டார். அவர் கண் டைனிங் ஹால் கதவு மேலேயே இருக்கும். உள்ளே பந்தி நிரம்பி, வாசலில் கூட்டம் நெருக்க ஆரம்பித்தால் குத்துப்பாட்டு. சின்னப் பிள்ளைகள் ஆட ஆரம்பிக்கும், சாப்பிட எழுந்தவர்களும் அதை வேடிக்கை பார்க்கத் திரும்ப உட்காருவார்கள். இலை எடுத்து, அடுத்த பந்திக்கு ஆள் வேண்டும் என்றால் ஓர் உருக்கமான மெலடி. ஜனம் கொட்டாவி விட்டு, "சரி, சாப்ட்டுட்டுக் கெளம்பலாம்" என்று தானாக எழுந்து போகும். இரண்டாவது சரணம் முடிந்தும் பாட்டு முடியாமல் பல்லவி மறுபடி மறுபடி வந்தால், உள்ளே பாயசம் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கொதிக்கிறது என்று அர்த்தம். சமையல்காரர்கள் அவரைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள். ஆர்கெஸ்ட்ராவை அமர்த்தச் சொல்லிக் கல்யாண வீட்டாரிடம் சிபாரிசு செய்ததே பெரும்பாலும் அவர்கள்தான்.

ஆனால் கேட்டவர்கள்? கை தட்டின ஒரு ஆளை நான் கண்டதில்லை. "சவுண்டைக் கொறைங்க, போன் பேசணும்" என்று வந்து நிற்கிற ஒருவர் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. அவர் செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஸ்பீக்கர் பக்கமே வந்து நிற்பார். எனக்கு வருகிற கோபத்துக்கு, அவர் நெற்றியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம் போல இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். அதற்குள் நாங்கள் பழகியிருந்தோம். முதல் வரிசையில் அத்தனை வருஷம் உட்கார்ந்தால் யாராவது பேசித்தானே ஆகவேண்டும். ஒரே ரயிலில் வீடு திரும்புவோம்.

"மாஸ்டரோட கம்பெனிய இழுத்து மூடறாங்கம்மா," என்றார். "குஜராத்துல இன்னொண்ணு இருக்குதாம், அங்க வரச் சொல்லிட்டாங்க. பொங்கலுக்கு முன்னாடி போறாரு."

"அப்ப ஆர்கெஸ்ட்ரா?"

"கீபோர்டே அவரோடது தானே. அவரு போய்ட்டா அப்பால நாங்க நாலு பேரும் கைய தட்டிக்கினு பஜனைதான் பாடணும். அவ்ளோதான், முடிஞ்சிது." கையிலிருந்த முறுக்கை உடைத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். "ஒண்ணு தாம்மா நெனச்சா சிரிப்பு வருது. இத்தினி வருசம் தொண்ட கிழியக் கத்தியிருக்கறோம். எங்களுக்கோசரம் ஒரு கூட்டம் வந்து உக்காந்து கேட்டுருக்குதா? சோறு துன்ன வந்தவங்க காதுல உழுந்துது, அவ்ளோதான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ரயில் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இவர்கள் பிரிவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஒரு கூட்டம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து இவர்கள் பாட்டைக் கேட்கவேண்டும். அதை நான் செய்து காட்டாவிட்டால் என்னைவிடப் பொய்யான ரசிகை உலகத்தில் இல்லை.

வீட்டில் சொன்னேன். மாமியார் சீரியலிலிருந்து தலையைத் திருப்பாமல், "ஏன், நம்ம ஊட்ல இன்னா விசேஷம்?" என்றார். விசேஷம் ஒன்றுமில்லை, பாட்டு கேட்கத்தான் என்றேன். "விசேஷம் இல்லாம எவன் வருவான்?" என்றார். வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். "பிரியாணி போட்டா வருவாங்க," என்றார். அந்த ஒரு யோசனைக்காக அவரை மன்னித்து வைத்திருக்கிறேன்.

பெரிய ரோட்டோரம் இருக்கிற மண்டபத்துக்குப் போனேன். மேனேஜர் புக்கிங் நோட்டைத் திறந்து, "இன்னா ஃபங்ஷன்?" என்றார்.

"பாட்டுக் கச்சேரி."

"அது சரிம்மா. எதுக்கு?"

"கேக்கறதுக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இது மார்கழி மாசம். நீங்க கட்சியா, சீட்டுக் கம்பெனியா, அதச் சொல்லிடுங்க. அப்பால போலீஸ் வந்து என்னைக் கேட்டா பேஜாரு."

நான் எவ்வளவோ விளக்கினேன். கடைசியில் அவராகவே 'இதர நிகழ்ச்சி' என்று எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஜூஸா, காசா?" என்று கேட்டார்.

அது என்ன கேள்வி என்று எனக்கு அப்போது புரியவில்லை. பின்னால்தான் புரிந்தது. அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் ஒரு நோய் பரவியிருந்தது. யாராவது ஒரு தெரிந்தவர் சிரித்த முகமாக வீட்டுக்கு வந்து, சும்மா ஒரு மீட்டிங், டீ, லட்டு உண்டு, வாங்க என்று மண்டபத்துக்கு அழைப்பார். போனால் கதவைச் சாத்திவிட்டு, கோட் போட்ட ஒருவர் மேடையேறி, உங்கள் வாழ்க்கையே மாறப்போகிறது என்பார். சர்வரோக நிவாரண மூலிகை ஜூஸ், ராசியான தங்கக் காசு, முதுகுவலி போக்கும் காந்தப் படுக்கை. நீங்கள் ஒன்று வாங்கவேண்டும், உங்களுக்குக் கீழே நாலு பேரைச் சேர்த்துவிடவேண்டும். எங்கள் தெருவில் ஏமாறாத வீடு இல்லை. எதிர்வீட்டுக்காரம்மா வாங்கிய காந்தப் படுக்கையில் அவர்கள் வீட்டு நாய் படுத்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில் நான் வீடு வீடாகப் போய், "ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு வாங்க, விசேஷம் ஒண்ணும் இல்ல, பாட்டு கேக்கலாம், பிரியாணி உண்டு" என்று சிரித்த முகமாக அழைத்தேன். எல்லாரும் என்னையே பரிதாபமாகப் பார்த்தார்கள். "நீயுமாம்மா?" என்றார் எதிர்வீட்டுக்காரம்மா. கம்பெனியில் என் லைனில் இருந்த பெண்கள் வருகிறோம் என்றார்கள். பிறகு கூட்டமாகக் கேன்டீனில் ஒதுங்கி, எதையும் வாங்குவதில்லை என்று தங்களுக்குள் சத்தியம் செய்துகொண்டார்களாம். எனக்கு இதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. வருகிறேன் என்று அத்தனை பேர் சொன்னதும் என் நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் ஜனத்துக்குப் பாட்டின் மேல் இத்தனை பிரியமா என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஏமாறத் தயாராக இல்லை. கதவு திறந்திருந்தால் ஜனம் சாப்பிடப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் டைனிங் ஹாலுக்குப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கச்சேரி முடிந்தால்தான் சோறு. சமையலுக்குப் பழவேற்காட்டிலிருந்து பாய் வந்திருந்தார். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர் கைதான். மார்கழி விரதக்காரர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் வெஜிடபிள் பிரியாணி. என் பூட்டைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நான் முப்பது வருசமா ஆக்கறேன். சோத்தைப் பூட்டி வெச்ச ஊட்ட இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. எங்கள் ஊரில் எந்த விசேஷத்துக்கும் இப்படி நடந்ததில்லை. பெண்கள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் செருப்பை வாசலில் விடாமல் நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பிள்ளைகளை ஓடவிடவில்லை. அத்தனை கண்ணும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓர் இருமல் இல்லை. நான் ஓரமாக நின்று பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வருஷத்தில் ஒருநாளும் அவர்களுக்குக் கிடைக்காத மரியாதை இதுதானே.

ஐந்து பேரும் அன்றைக்கு வந்திருந்தார்கள். லீவு போட்டும் ஷிப்ட் மாற்றியும் வந்திருந்தார்கள். மேடையேறி, அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் அக்கா ஒரு அடி பின்னால் வைத்தார். மாஸ்டர் வழக்கம்போலத் தலையைத் திருப்பி டைனிங் ஹால் கதவைப் பார்த்தார். அங்கே பூட்டு தொங்கியது.

முதல் பாட்டு சாமி பாட்டு. அது முடியவே இல்லை. மாஸ்டருக்கு எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. கதவு சொல்லித்தான் அத்தனை வருஷம் முடித்துப் பழகியிருந்தார். பல்லவி வந்தது, சரணம் வந்தது, மறுபடி பல்லவி, மறுபடி சரணம். அக்கா அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் அக்கா காதலி வரியைக் காதலன் குரலில் பாடிவிட்டார். அன்றைக்கு நிஜமாகவே பக்கத்தில் நின்றிருந்த ஆண் பாடகர் தன் வரியை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று பதறி, அடுத்த வரியைப் பெண் குரலில் பாடினார். ஒருவரும் சிரிக்கவில்லை. பேடுக்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மேடையில் தூக்கம் வரவில்லை. விழித்துக்கொண்டு தட்டியதில் தாளம் தப்பியது.

பாட்டு நின்றது. ஹாலில் அமைதி. நான் மட்டும் கை தட்டினேன். ஒற்றைக் கைதட்டல் அந்த மண்டபத்தில் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். வீட்டுக்காரரின் சித்தப்பா.

"ஏம்மா," என்றார் மேடையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. "பாட்டெல்லாம் போதும். நேரா விஷயத்துக்கு வந்துடு. இன்னா விக்கறீங்க? எத்தினி பேரச் சேத்து உடணும்?"

"அதானே," என்று பின்னாலிருந்து நாலைந்து குரல். எதிர்வீட்டுக்காரம்மா கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கறுப்பு வேட்டி கட்டி மாலை போட்டிருந்த சாமி ஒருவர், தான் விரதத்தில் இருப்பதால் எதிலும் கையெழுத்துப் போட முடியாது என்று அறிவித்தார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த அமைதி பாட்டுக்காக இல்லை. என்னைப் பார்த்து வந்த பயம் அது. மேடையில் நின்றவர்களுக்கோ அதுகூடப் புரியவில்லை. கூட்டம் உட்கார்ந்து கேட்டால் தாங்கள் இவ்வளவுதான் என்று அக்கா நினைத்துக்கொண்டிருப்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் மேல் ஏற்றப்பட்ட பிள்ளைபோல நின்றார். வழியனுப்பி வைக்கிறேன் என்று கூட்டி வந்து, அவர்கள் கடைசி நாளை நானே பாழாக்கிவிட்டேன்.

பாய் பின்பக்கமாக வந்து என் காதருகே, "தங்கச்சி, தம்மு ஒடைக்கணும், கொழைஞ்சிடும். இப்ப தொறக்கறியா, நான் பூட்ட ஒடைக்கட்டா?" என்றார். பிரியாணி வாசனை கதவிடுக்கு வழியாக ஹாலுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. மாஸ்டர் மேடையின் விளிம்புக்கு வந்து குனிந்தார். அவர் அதிகம் பேசாதவர். "அந்தக் கதவைத் தொறந்துடும்மா," என்றார். கெஞ்சுகிற குரல்.

போய்த் திறந்தேன்.

ஒரு நொடி யாரும் நம்பவில்லை. பிறகு நாற்காலிகள் சரிந்த சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன். சித்தப்பாதான் முதல் ஆள். விற்பனையும் இல்லை, கையெழுத்தும் இல்லை, நிஜமாகவே பிரியாணி என்று தெரிந்ததும் ஜனம் பேச ஆரம்பித்தது, சிரித்தது, கத்தியது, பிள்ளைகளை அவிழ்த்துவிட்டது. கதவருகே நெரிசல். மாலை போட்ட சாமி, "தனிப் பாத்திரம் எங்க, தனிப் பாத்திரம் எங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே அடித்துச் செல்லப்பட்டார்.

மாஸ்டர் கதவைப் பார்த்தார், நெரிசலைப் பார்த்தார். அவர் கை தானாகக் குத்துப்பாட்டுக்குப் போனது. டோலக் கூடச் சேர்ந்தது. பிள்ளைகள் ஆட வந்தார்கள், கதவருகே நின்றவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள், நெரிசல் இளகியது. பேடுக்காரர் கண்ணை மூடினார். அதற்கப்புறம் ஒரு தப்பு இல்லை. பந்திக்குப் பந்தி, பாட்டுக்குப் பாட்டு. யாரும் கேட்காத அந்த இரைச்சலில் அக்கா தோளை இறக்கி, மைக்கை ஒரு கையில் பிடித்து, போகிறவர் வருகிறவருக்குத் தலையாட்டியபடி பாடினார். நான் முதல் வரிசைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் இவர்கள் இப்படிப் பாடி நான் கேட்டதில்லை. இந்தக் கூட்டம் உட்கார்ந்து கேட்காவிட்டால் போகிறது, கேட்க நான் இருக்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசிப் பந்தி உட்கார்ந்ததும் ஹால் காலியானது. கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவே நான் ஒருத்திதான். கடைசிப் பாட்டு, அவர்கள் எப்போதும் கடைசியில் பாடுகிற பழைய டூயட். அக்கா ஆரம்பிக்காமல் என்னையே பார்த்தார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ போய் சாப்புடேன்."

"இல்லக்கா. கடைசிப் பாட்டு. நான் கேக்கணும்."

"கேளு, வேணான்னு சொல்லல. உள்ள உக்காந்து கேளு." மைக்கை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். "சொன்னா தப்பா எடுத்துக்காத. நீ இப்டி கண்ண உருட்டிக்கினு மொத வரிசையில உக்காந்துக்கினு இருந்தா, எனக்குப் பரீட்சை எழுதறாப்புல இருக்குது. ஏழு வருசமா சொல்லணும்னு இருந்தேன். மனசு வரல. இன்னிக்கு ஒரு பாட்டு நிம்மதியாப் பாடிக்கறேனே."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஆரம்பாக்கத்துக்கும் பெரியபாளையத்துக்கும் வெயிலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஓடினேனே, அதெல்லாம் இவர் தொண்டையை இறுக்கத்தானா? ஏதாவது நறுக்கென்று சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். மாஸ்டர் மேலேயிருந்து, "போம்மா, நல்ல பிரியாணி," என்றார். எழுந்து போனேன். என்னுடைய விழாவில் என்னையே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

டைனிங் ஹாலில் எதிர்வீட்டுக்காரம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இலை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். பாய் என் இலையில் அவரே கரண்டியால் அள்ளி வைத்துவிட்டுப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு தொடங்கியது.

கரண்டிச் சத்தம், தண்ணீர் கேட்கிற சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் குரல். தாடையை இடிக்காமல், முகத்தைத் தூக்காமல், யாருக்கும் காட்டாமல் பாடினால் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டில் துணி மடித்துக்கொண்டே பாடுகிறவள் குரல். ஆண் பாடகர் எங்கேயும் அவசரப்படாமல் சேர்ந்துகொண்டார். இருவரும் சேர்ந்து பாடவேண்டிய இடம் வந்தது, சேர்ந்தே பாடினார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"எல்லாம் சரி, எப்பம்மா ஆரம்பிக்கப் போற உன் ஸ்கீம?" என்றார் எதிர்வீட்டுக்காரம்மா எலும்பைக் கடித்தபடி.

"ஸ்கீம் ஒண்ணும் இல்லக்கா. இதுதான். இந்தப் பாட்டுதான்."

அவர் கடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாத்தான் பாடறாங்க. இன்னா கொரலு," என்றார். "முன்னாடியே சொல்லக் கூடாதா? தெரிஞ்சிருந்தா எங்க பொண்ணு கல்யாணத்துக்கு இவங்களையே வெச்சிருப்போம்."

"உங்க பொண்ணு கல்யாணத்துல பாடினதே இவங்கதான்க்கா."

"அப்டியா?" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் அன்னிக்குப் பந்தியாண்ட நின்னுக்கினு இருந்தேம்மா. சரி உடு, அடுத்தவளுக்கு வெச்சிக்கலாம்."

பாட்டு முடிந்தது. டைனிங் ஹாலில் ஒரு தலைகூட நிமிரவில்லை. யாரோ தயிர்ப்பச்சடி கேட்டார்கள். அந்தப் பக்கம் மாஸ்டர் கீபோர்டை அணைக்கிற டொக் என்ற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அழவும் முடியவில்லை. சோற்றுக் கையோடு பலமாகக் கை தட்டினேன். மசாலாப் பருக்கைகள் எதிர்வீட்டுக்காரம்மாவின் பட்டுப்புடவை மேலெல்லாம் தெறித்தன. அவர் திட்டத் திட்ட நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.